நாச்சிமுத்து கேட்ட நாடி

பானுரேகாவுக்கு நாச்சிமுத்து எழுதியிருந்த நானூற்றுப் பதினாறு செய்திகளையும் படித்து முடித்த பிறகுதான் ஷைனி அவரை நேரில் பார்க்கப் போனாள். கதவைத் திறப்பவர் எப்படி இருப்பார் என்று திருப்பூர் பஸ்ஸில் வரும்போதே மனத்துக்குள் ஒரு முகத்தை வரைந்து வைத்திருந்தாள். திறந்தவருக்கு அந்த முகம் இல்லை. ஒல்லியான உடம்பு, நெற்றியில் திருநீறு, ஐம்பத்தெட்டு வயது. அவள் தோளில் தொங்கிய பையைக் கைநீட்டி வாங்கிக்கொண்டார்.

"இந்த வெயில்ல நடந்தே வந்தீங்களா அம்மிணி? ஒரு போன் போட்டிருந்தா வண்டி எடுத்துட்டு ஸ்டாப்புக்கே வந்திருப்பனுங்களே."

ஷைனி நாகர்கோவில்காரி. கோயம்புத்தூருக்கு வந்து நான்கு வருடம் ஆகியும், அம்மிணி என்று யாராவது கூப்பிட்டால் அவள் முகம் தானாக மலர்ந்துவிடும். அன்று மலரவில்லை. இதே மனிதர் பானுரேகாவை என்னென்ன சொல்லிக் கூப்பிட்டிருந்தார் என்பது அவர் கையில் பிடித்திருந்த அந்தப் பைக்குள், அவளுடைய கணினியில் இருந்தது.

பானுரேகா பத்திரிகைக்காரர். பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்கள் ஓர் அறையில் பதினாறு பேராகத் தங்கியிருப்பதைப் பற்றித் தொடர் எழுதினார். அதிலிருந்து 'மண்காவலர்' என்ற இணையக் கூட்டம் அவரை விடவில்லை. வெளியாட்களை விரட்ட வேண்டும், அவர்களுக்குப் பரிந்து பேசுகிறவர்களை முதலில் விரட்ட வேண்டும் என்பது அந்தக் கூட்டத்தின் கொள்கை. அதில் நாச்சிமுத்துவை எல்லோரும் அண்ணன் என்பார்கள். 'உன் மகள் எந்த ஸ்கூல், எந்த பஸ் என்று தெரியும்' என்று பானுரேகாவுக்கு எழுதியவர் அவர்தான்.

வசையும் மிரட்டலுமான செய்திகளைத் தண்டிக்கும் சொல்வன்முறைச் சட்டம் வந்து அது மூன்றாவது வருடம். முதல்முறை பிடிபடுகிறவர்கள் விரும்பினால் வழக்கை நிறுத்திவைத்துவிட்டு ஆறு மாதம் ஓர் ஆய்வில் சேரலாம். அப்படிச் சேர்ந்த அறுபது பேரில் நாச்சிமுத்து இருபத்தேழாம் எண். வாரா வாரம் வியாழக்கிழமை அவரைப் பார்த்துப் பேசிக் குறித்துக்கொண்டு வருவது ஷைனியின் வேலை.

கறுப்பு நிறப் பட்டை ஒன்றை அவர் மணிக்கட்டில் கட்டினாள்.

"இது என்னதுங்க, வாட்ச்சுங்களா?"

"வாட்ச் மாதிரிதான்ண்ணா. நீங்க ஒருத்தருக்கு மெசேஜ் அனுப்புனா, அவங்க நாடி எப்படித் துடிக்குதோ, அந்தத் துடிப்பு அப்படியே உங்க கையில தட்டும். ரெண்டு நிமிஷம்."

"அப்ப அவங்க கையிலயும் இது இருக்கோணுமே?"

"இருக்கு."

"உங்க கையிலயும் இருக்குதுங்களே அம்மிணி."

"எங்க ஆபீஸ்ல எல்லார் கையிலயும் இருக்கும். மிஷின் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்கறதுக்கு."

அப்படித்தான் சொல்லும்படி அவளுக்கு எழுதிக்கொடுத்திருந்தார்கள். சொல்லாமல் விட்டவையும் இருந்தன. அறுபது பேரும் இரண்டு குழுவாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். யார் எந்தக் குழு என்பது அவளுக்கே தெரியாது. நாச்சிமுத்து இனி அனுப்பும் செய்தியில் வசையோ மிரட்டலோ இருந்தால் ஒரு வடிகட்டி அதை வழியிலேயே நிறுத்திவிடும் என்பது அவளுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

முதல் வாரம் அவர் வேண்டுமென்றே நிறைய அனுப்பினார். அடுத்த வியாழக்கிழமை கேட்டபோது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"கோழிக்குஞ்ச உள்ளங்கையில வெச்சிருந்தா எப்படி இருக்கும்? அப்படி இருக்குதுங்க."

"அதுக்கப்புறம் என்ன செஞ்சீங்க?"

"மறுபடியும் அனுப்புனனுங்க." கொஞ்சம் பொறுத்து, "நெசமாலுமே உசுருதானான்னு பாக்கறதுக்கு" என்றார்.

அவருடைய கதையை அவள் துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொண்டாள். முப்பத்திரண்டு வருடம் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். மெஷினுக்குள் வட்டமாக ஆயிரக்கணக்கில் ஊசி ஓடும். ஒன்று உடைந்தால் துணி முழுக்க ஏணி மாதிரி ஒரு கோடு விழுந்து கழிவாகப் போய்விடும். உடைவதற்கு முன்னாலேயே சத்தத்தை வைத்து, எந்தப் பக்கத்து ஊசி என்று சொல்லிவிடுவார். நான்கு கம்பெனிகளில் இருந்து ஆள் அனுப்பிக் கூட்டிக்கொண்டு போவார்கள். பிறகு, பழுதைத் தானே கண்டுபிடிக்கும் உணர்கருவி வைத்த மெஷின்கள் வந்தன. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. கூப்பிடுவதுதான் நின்றுபோயிற்று.

"சும்மா உக்காந்திருந்தனுங்க. ஒரு நாள் போன்ல கோவத்துல என்னமோ எழுதினேன். ரெண்டாயிரம் பேர் 'சரியாச் சொன்னீங்கண்ணா'ன்னு போட்டாங்க. மறுநாள் காலையில எந்திரிச்சதுமே போனத்தான் தேடுனேன்."

அவர் மனைவி சாந்தாமணி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "ஏன் கேக்கறீங்க அம்மிணி! பொழுதன்னிக்கும் போனு. என்ன எழுதறாருன்னு எனக்கொண்ணும் தெரியாது. அரசியலுன்னாரு, நானும் சரின்னு உட்டுட்டேன்."

மூன்றாவது மாதத்தில் அவர் கூட்டத்துக்கு எழுதுவது குறைந்தது. பானுரேகாவுக்கு எழுதுவது மட்டும் நிற்கவில்லை. ஆனால் செய்திகள் மாறிவிட்டன. 'வணக்கம்.' 'இன்னிக்கு மழைங்களா அங்க?' அனுப்பிவிட்டு, கண்ணை மூடி, மணிக்கட்டைக் காதருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வசை இல்லாததால் வடிகட்டி அவற்றை விட்டுவிட்டது. வணக்கமும் மழையும் ஒவ்வொன்றாகப் பானுரேகாவுக்குப் போய்ச் சேர்ந்தன.

"எதுக்குண்ணா தினமும்?" என்று ஷைனி கேட்டாள். அறிவுரை சொல்வதற்குத்தான் விதிப்படி தடை, கேட்பதற்கு இல்லை.

"சொன்னாச் சிரிப்பீங்க."

"சிரிக்கமாட்டேன்."

"எனக்கு அவங்களப் பத்தி வெசனமா இருக்குதுங்க அம்மிணி." நாற்காலிக் கையில் விரல் மடக்கித் தட்டிக் காட்டினார். "இப்படிப் போகுதுங்களா? டக், டக், டக், டக்..." விரல் அந்தரத்தில் நின்றது. ஷைனி நிமிர்ந்து பார்த்தாள். விரல் இன்னும் இறங்கவில்லை. "...டக். பாத்தீங்களா? நடுவுல நின்னு போவுது. போன மாசம் வாரத்துக்கு ஒருக்கா. இப்ப தெனமும். நிக்கற நேரமும் எச்சாகிட்டே வருது. மெஷினா இருந்தா அப்பவே ஆஃப் பண்ணிப்போட்டுத் தெறந்து பாத்திருப்பேன். மனுசிய என்னங்க பண்றது?"

ஷைனி அதை அப்படியே குறித்துக்கொண்டாள். 'பங்கேற்பாளரிடம் அக்கறை தோன்றுகிறது' என்று பக்கத்தில் எழுதி அடிக்கோடிட்டாள். இடைவெளியைப் பற்றி அவள் பெரிதாக நினைக்கவில்லை. சிக்னல் விட்டுவிட்டு வருவது உண்டு. சேமிக்கும்போது மென்பொருளே அந்த ஓட்டைகளை அடைத்துவிடும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை சைபர் போலீசிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு அழைப்பு வந்தது. நாச்சிமுத்துவை ஸ்டேஷனுக்கு அழைத்து வந்திருந்தார்கள். பானுரேகா புகார் கொடுத்திருந்தார். புகாரோடு இருந்த செய்தி இது:

'உங்க நெஞ்சு ஒழுங்கா அடிக்கல. நடுவுல நிக்குது. ஒரு நாள் அப்படியே நின்னுபோகும். சீக்கிரம் பாத்துக்கங்க.'

ஷைனி அதை இரண்டு முறை படித்தாள். முதல்முறை நாச்சிமுத்துவின் குரலில் படித்தாள். இரண்டாம் முறை, மகளின் பள்ளிப் பேருந்தைக் குறித்து வைத்திருந்தவனிடமிருந்து வந்த செய்தியாகப் படித்தாள்.

மத்தியானத்துக்குள் விஷயம் வெளியே தெரிந்துவிட்டது. மண்காவலர் கூட்டம் கொண்டாடியது. 'அண்ணன் கெட்ட வார்த்தையே இல்லாமல் கதிகலங்க வைத்துவிட்டார்' என்றார்கள். அந்தச் செய்தியைப் படமாக்கி, நூற்றுக்கணக்கானவர்கள் அதையே பானுரேகாவுக்கு அனுப்பினார்கள். ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்த நாச்சிமுத்து, 'நான் மெரட்டவே இல்லீங்க, நெசமாலுமே சொன்னேன், யாரும் அத அனுப்பாதீங்க' என்று கூட்டத்தில் எழுதினார். பதிலுக்குச் சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. அண்ணன் நக்கல் அடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆய்வின் தலைவர் மங்களேஸ்வரி. அதட்டிப் பேசத் தெரியாத, எப்போதும் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும் பேராசிரியர். ஆய்வு முடியும்வரை திறக்கக் கூடாத பட்டியலை அன்று திறந்தார்.

"இருபத்தேழு... ஒப்பீட்டுக் குழு, ஷைனி."

"அப்படின்னா?"

"பாதிப்பேருக்குத்தான் நிஜமா எதிராளியோட நாடி போகுது. சம்மதிச்சுப் பட்டை கட்டிக்கிட்டவங்க மட்டும். மீதிப்பேருக்கு வேற யாரோட நாடியாவது போகும். திருந்தறதுக்குக் காரணம் எதிராளியா, இல்ல ஏதோ ஒரு உயிர்த்துடிப்பு இருந்தாலே போதுமான்னு தெரியணும்ல? பானுரேகா இந்த ஆய்வுலயே இல்லம்மா. அவங்க கையில பட்டையே கிடையாது."

"அப்போ அவர் மூணு மாசமா கேட்டது யாரோட நாடி?"

"நம்ம ஆளுங்கள்ல ஒருத்தரோடது. ஃபார்ம்ல எல்லாரும் கையெழுத்துப் போட்டீங்களே, ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தலாம்னு." திரையில் விரல் இறங்கிக்கொண்டே போனது. ஓரிடத்தில் நின்றது. மங்களேஸ்வரி திரும்பி ஷைனியின் மணிக்கட்டைப் பார்த்தார்.

ஷைனிக்கு முதலில் தன் இதயத்தைப் பற்றிய நினைப்பே வரவில்லை. அந்த மனிதரிடம் முகத்தைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்லியிருக்கிறோம் என்பதுதான் உறைத்தது. "நான் இப்பவே திருப்பூர் போகணும் மேடம்" என்று எழுந்தாள்.

"உக்காரு. அவருக்குப் போன சிக்னலை, ஓட்டை அடைக்கிறதுக்கு முன்னாடி இருந்தபடியே, காலையிலேயே பாத்துட்டேன். அவர் சொன்னது சரி. போறதுன்னா முதல்ல ஆஸ்பத்திரி. நானும் வர்றேன்."

மருத்துவர் கேட்டார், "தலை சுத்துமா?"

"எப்பவாவது. காலையில சாப்பிடாம ஓடுறதால."

"சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா. நாலு செகண்ட் வரைக்கும் நிக்குது. ஸ்கூட்டி ஓட்டறப்ப ஒரு தடவை நின்னிருந்தா..." அவர் தாளில் எதையோ குறித்துக்கொண்டார். "இதை முதல்ல யார் பாத்தது? எந்த ஆஸ்பத்திரி?"

"திருப்பூர்ல ஒரு நிட்டிங் மெஷின் ஃபிட்டர், டாக்டர்."

மறுநாளே பேஸ்மேக்கர் வைத்தார்கள். நாகர்கோவிலிலிருந்து அம்மா வந்து, பத்து நாள் படுக்கையை விட்டு எழவிடாமல் பார்த்துக்கொண்டார். பதினோராம் நாள் ஷைனி பானுரேகாவைப் பார்க்கப் போனாள்.

பானுரேகா நிதானமாகக் கேட்டார். ஓரிடத்திலும் குறுக்கிடவில்லை. எல்லாம் கேட்டு முடித்ததும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"நீங்க பிழைச்சீங்க. அது எனக்கு நிஜமாவே சந்தோஷம். வயசுப் பொண்ணு." அவர் குரல் ஏறவில்லை. "ஆனா அவர் எனக்கு என்ன செஞ்சார்? என் பொண்ணு ரெண்டு வருஷமா ஸ்கூல் பஸ்ல ஏறினதில்ல. கேட்டுல பெல் அடிச்சா இன்னிக்கும் ரூமுக்குள்ள ஓடிடுவா. திடீர்னு ஒருநாள் வசவு நின்னு 'வணக்கம்'னு வருது, 'மழைங்களா'ன்னு வருது. வீட்டுப் பக்கமே வந்துட்டான்னு நினைச்சேன். எனக்கு வந்த அத்தனையிலயும் என்னை ரொம்பப் பயமுறுத்தினது அந்தக் கடைசி மெசேஜ்தான். அது ஒண்ணுதான் நல்ல மனசோட எழுதினதுன்னு இப்ப வந்து சொல்றீங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"மன்னிக்கச் சொல்லி நான் வரல மேடம். நடந்தது உங்களுக்குத் தெரியணும்னு வந்தேன். உங்க அனுமதி இல்லாம உங்க பேரை வெச்சு எங்க ஆய்வுல பொய் சொல்லியிருக்கோம். அதுக்கு நாங்க மன்னிப்புக் கேக்கணும்."

பானுரேகா தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். "மூணு வருஷத்துல என்கிட்ட மன்னிப்புக் கேட்ட முதல் ஆள் நீங்கதான்" என்றார். பிறகு, "அந்தக் கடைசி மெசேஜுக்கான புகாரை மட்டும் வாபஸ் வாங்கிக்கறேன். பழசுக்கு இல்ல. அதுக்குக் கோர்ட் அமர்வு நடக்கட்டும். சட்டப்படி நான் ஒண்ணு கேக்கலாம் இல்லையா? எனக்கு எழுதினதையெல்லாம் அவர் வாயாலேயே, என் முன்னாடி படிக்கணும்."

அந்த வியாழக்கிழமை ஷைனி திருப்பூருக்குப் போனாள். நாச்சிமுத்து இளைத்திருந்தார். பட்டை மேசைமேல் கழற்றி வைக்கப்பட்டிருந்தது.

"ரெண்டு வாரமா வரலீங்களே அம்மிணி. இனி வரமாட்டீங்கன்னு சாந்தாமணிகிட்டச் சொல்லிட்டிருந்தேன். போலீசுக்குப் போன ஆளாச்சே." உடனே அடுத்ததைக் கேட்டார். "அவங்க ஆஸ்பத்திரி போனாங்களா? நான் சொன்னதத்தான் நம்பமாட்டாங்க. நீங்களாவது சொன்னீங்களா?"

ஷைனி சொன்னாள். இரண்டு குழுக்களைப் பற்றி, வடிகட்டியைப் பற்றி, தன் கையில் இருந்த பட்டையைப் பற்றி, நெஞ்சில் வைத்திருக்கும் சின்னப் பெட்டியைப் பற்றி. அவர் அசையாமல் கேட்டார். சமையல்கட்டு வாசலில் சாந்தாமணி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"உங்களுதுங்களா?" என்றார் நாச்சிமுத்து. "எனக்கு எதுக்கயே உக்காந்திருந்தீங்களே. அப்பவுமா?"

"அப்பவும்தான்."

"இப்ப எப்படி இருக்குதுங்க?"

அவள் கையை நீட்டினாள். அவர் தயங்கி, இரண்டு விரலை அவள் மணிக்கட்டில் வைத்து, தலையைச் சாய்த்து, வெகுநேரம் கேட்டார். மெஷினருகே அப்படித்தான் நின்றிருப்பார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"சீரா ஓடுதுங்க" என்றார். முகத்தில் வந்த சிரிப்பு முழுசாக விரிவதற்குள் பாதியில் நின்றது. விரலை எடுத்துக்கொண்டார்.

"அப்ப அந்தப் பொண்ணு? பானுரேகா? அவங்க நாடி?"

"அது உங்களுக்கு வரவே இல்லண்ணா."

"ஒரு நாளும் வரலீங்களா?"

"ஒரு நாளும் வரல."

அவர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். "நான் என்ன நெனச்சனுங்க தெரியுமா? அவங்க பயந்ததெல்லாம் எனக்குத் தெரிஞ்சுபோச்சு, பாதிய நானும் பட்டாச்சுன்னு நெனச்சுட்டிருந்தேன். ஒண்ணுமே தெரியலையா எனக்கு?" சாந்தாமணி வந்து பட்டையை எடுத்து அவள் பையில் வைத்தார். ஆய்வு நாச்சிமுத்துவைப் பொறுத்தவரை அன்றோடு முடிந்து, நிறுத்திவைத்திருந்த வழக்கு மறுபடி தொடங்கியது. இருபத்தேழாம் எண்ணைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டதாக மங்களேஸ்வரி அறிக்கையில் எழுதினார்.

பானுரேகா கேட்டதைச் சொன்னபோது நாச்சிமுத்து மறுப்பார் என்று ஷைனி எதிர்பார்த்தாள். வக்கீலும் மறுக்கச் சொன்னார். "படிக்கறனுங்க" என்றார் நாச்சிமுத்து.

அமர்வு நாளன்று நீதிமன்றத் தாழ்வாரத்தில் அவர் கையில் கட்டாகக் காகிதம் இருந்தது. வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். உள்ளே கூப்பிடும் நேரத்தில் மனைவி பக்கம் திரும்பினார்.

"நீ இங்கயே இருந்துக்க. உள்ள வேண்டாம்."

"எழுதும்போது தெரியாமப் போச்சு. படிக்கும்போதாவது கேட்டுக்கறேன்" என்று சாந்தாமணி முன்னால் நடந்தார்.

அவர் ஷைனியைப் பார்த்தார். "அம்மிணி, நீங்களாவது..."

"நான் எல்லாத்தையும் படிச்சிருக்கேன்ண்ணா."

"எப்ப?"

"உங்க வீட்டுக்கு முதல்ல வந்தேனே, அதுக்கு முந்தின நாளே படிச்சு முடிச்சுட்டேன்."

காகிதக் கட்டை அவர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "எல்லாந் தெரிஞ்சேவா வந்தீங்க?" என்றார். பிறகு உள்ளே போனார்.

சின்ன அறைதான். நீதிபதி, எழுத்தர், இரண்டு வக்கீல்கள். எதிர்ப்பக்கம் பானுரேகா, மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் நாச்சிமுத்துவை முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான். நாச்சிமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் செய்தியைப் படித்தார். குரல் காற்றாக வந்தது. "சத்தமா" என்றார் பானுரேகா. அவர் சத்தமாகப் படித்தார்.

பத்தாவது செய்தியில் எழுத்தர் தட்டச்சை நிறுத்திவிட்டார். முப்பதாவதில் சாந்தாமணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார், ஆனால் எழுந்து போகவில்லை. மகளின் பள்ளிப் பேருந்து பற்றிய செய்தி வந்தபோது நாச்சிமுத்துவின் கையிலிருந்து காகிதம் சரிந்தது. ஷைனி குனிந்து எடுத்து வரிசைப்படுத்திக் கொடுத்தாள். அவர் விட்ட இடத்தைத் தேடிப்பிடித்து அந்த வரியை முதலிலிருந்து மறுபடியும் படித்தார். பானுரேகா கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "போதும் என்று நினைக்கிறேன். சாராம்சம் பதிவாகிவிட்டது."

"இன்னும் இருக்கு" என்றார் பானுரேகா.

நாச்சிமுத்து கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஆமாங்க. அவங்க சொல்றது சரிதானுங்க. இன்னும் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த தாளைத் திருப்பினார்.